பின்பக்கத்துக்கு இரண்டு பட்டை

மார்ச் 14. இன்று வேலை அட்டையில் ஒரு வரியைத் தவறாக எழுதிவிட்டேன்.

மாலையில் ஒருவர் தன் பிக்கப்போடும் மனைவியோடும் பட்டறைக்கு வந்தார்.

"இவ ஏறி உக்காந்தாலே வண்டி மூக்கைத் தூக்குது. பின்னாடி ரெண்டு ஸ்பிரிங் பட்டை கூட்டிப் போடும்மா."

என்ன பாரம் என்று கேட்காமல் பட்டையைத் தொடக் கூடாது என்பது மாலை வகுப்புப் பாடம். கேட்டேன்.

"அவளைக் கேளு. ஒரு வாரமா மூட்டை கட்டிக்கிட்டே இருக்கா."

அவர் மனைவி, அந்த அக்கா, நிதானமாகச் சொன்னார். "தையல் மெஷின் ரெண்டு, பீரோ, ஒத்தைக் கட்டில். ஒரு டிரெய்லரும் இழுக்கணும்."

"வீட்டையே ஏத்திக்கோ!" என்று அவர் சிரித்தார். "நாளைக்கு நீயே வந்து வண்டியை எடுத்துக்க. சாமான் தூக்க என்னைக் கூப்பிடாதே, என் இடுப்பு போயிடும்."

அவர் டீ குடிக்கப் போனார். நான் பட்டைகளைப் போட்டு முடித்தேன். பாரமில்லாமல் ஓட்டினால் வண்டி குதிக்கும் என்று சொன்னேனா என்பது நினைவில்லை. அதனால் அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

"சாமானை இறக்கிட்டுத் திரும்பும்போது மெதுவா வாங்கக்கா."

"திரும்பி வர்றதா இல்லம்மா" என்று வண்டியின் பதிவுப் புத்தகத்தை நீட்டினார்.

வண்டி அக்கா பெயரில் இருந்தது. அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் நான் கணவரின் பெயரை எழுதியிருந்தேன். அடித்துத் திருத்தினேன்.

டீ குடித்துவிட்டு வந்தவர் வண்டியைத் தட்டிப் பார்த்தார். "இப்போ இவளையும் தாங்கும்!"

நாளை காலை: டிரெய்லருக்கு இழுவைக் கொக்கியைப் பொருத்த வேண்டும். சாவியை உரிமையாளரிடம் மட்டும் கொடுக்க வேண்டும்.