வலப்பக்கத்து வெளிச்சம்

பணிக்கு வந்து பத்து மணி நேரம் நாற்பது நிமிடம். இதுவரை துணை விமானியான அவள் விமானத்தின் வானொலியில் பேசியதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ள வாக்கியங்கள்.

இன்றைய கடைசித் தரையிறக்கம். கீழே நகரம் சாம்பல் புகைக்குள் விளக்கேற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். இடதில் இவர்கள் இறங்க வேண்டும். வலதில் இன்னொரு விமானம்.

இடது இருக்கையில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் ஞானசிகாமணிக்கு அந்தப் பக்கம் தெரியாது. வலது ஜன்னல் அவளுடையது. வானொலியும்.

“உங்கள் வலப்பக்கம் ஒரு விமானம். தெரிகிறதா?” கட்டுப்பாட்டு அறை கேட்டது.

புகைக்குள் ஒரு வெளிச்சம் இருந்தது.

தயங்கினாள்.

“என்னம்மா, கண்ணு இருக்கா, இல்ல வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா? தெரியுதுன்னு சொல்லு. இல்லாட்டி இன்னொரு சுத்து சுத்த விட்ருவான்.”

போன வாரம் அவள் சந்தேகப்பட்டதில் அப்படி ஒரு சுற்று சுற்றியிருந்தார்கள். இறங்கியபின் ஊழியர் பேருந்தில் கேப்டன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “மேகத்தப் பாத்தாலே நம்ம பொண்ணுக்குக் குளிர் ஜுரம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

“தெரிகிறது,” என்றாள் வானொலியில்.

“சரி. அதைப் பார்த்தபடியே விலகி வாருங்கள்.”

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு, இரண்டு விமானங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி கட்டுப்பாட்டு அறையின் கையிலிருந்து அவள் கண்ணுக்கு வந்துவிட்டது.

“சக்கரம்,” என்றார் கேப்டன்.

நெம்புகோலை இறக்கினாள். மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன.

நிமிர்ந்தபோது வெளிச்சம் ஜன்னலின் நடுவில் இல்லை. பின்விளிம்புக்குப் போயிருந்தது.

கூடவே பறப்பது இப்படி நழுவாது.

வெளிச்சத்துக்குக் கீழே இரும்புச் சட்டங்கள் தெரிந்தன. ஏதோ குன்றின் மேல் நிற்கும் கோபுரம்.

முன்னாலிருந்த திரையில், இவர்களுடைய குறியை ஒட்டி இன்னொரு சிறு குறி. அருகில் இருக்கிறது என்று அது சொல்லும். எந்தப் பக்கம் என்பதில் அதை நம்பக்கூடாது.

அதற்குத்தான் கண்.

ஜன்னல் முழுக்கப் புகை.

“கூடவே வருதா?” கேப்டன் திரும்பாமல் கேட்டார்.

பின்னால் நூற்று அறுபத்திரண்டு பேர். அந்த விமானத்தில் எத்தனை பேரோ.

பார்வையிலிருந்து மறைந்துவிட்டது என்று சொல்லலாம். அது புத்தகத்தில் இருக்கிறது. புகையில் யாருக்கும் நடக்கும். பேருந்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த நிமிடம் வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கட்டுப்பாட்டு அறை நம்பும்.

“ஏம்மா, உன்னைத்தான்.”

அவள் வானொலிப் பொத்தானை அழுத்தினாள்.

காதுக்குள் இரைச்சல் அடங்கியது. கட்டுப்பாட்டு அறை, கேப்டன், எங்கேயோ புகைக்குள் இருந்த அந்த இன்னொரு விமானம். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வலப்பக்க விமானம்,” என்றாள். பொத்தானை விடவில்லை. மறுபடி தொடங்கினாள்.

“அதை நான் பார்க்கவே இல்லை.”