யேசுரத்தினம் சாருக்குப் பதில் ஆள்

“நானா? டிரெயினிங் கிளாசுல பிள்ளைகளைப் போலக் கைகட்டி உக்காரணுமா?”

யேசுரத்தினம் வாத்தியார் போட்ட சத்தத்தில், முற்றத்தில் கோழிகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நேசபாய் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் மிஷன் பள்ளிக்கூடத்தின் மேனேஜர் ஞானசிங். நாகர்கோவிலிலிருந்து வில்வண்டியில் வந்திருந்தார்.

“மூணு மாசப் பயிற்சிதானே சாரே. தோவாளைப் பக்கத்து சாருமாரெல்லாம் போயிட்டு வந்தாச்சு. நீரு மட்டும் ரெண்டு தடவை மாட்டேன்னுட்டீரு.”

“எனக்க கிட்ட அடி வாங்கிப் படிச்ச பயலுவ அங்க இப்ப வாத்தியாருக்கு வாத்தியாராம்! பிரம்பைத் தொடப்படாதாம். பாட்டுப் பாடணுமாம், படம் வரையணுமாம். நான் வாத்தியாரா, கூத்தாடியா?”

“பிரம்பு கிடக்கட்டும். செல்லக்கனியை எதுக்கு வராந்தாவுல தனியா உக்கார வச்சீரு?”

யேசுரத்தினம் சற்றுத் தடுமாறினார். பிறகு குரலை இன்னும் உயர்த்தினார்.

“சேரிப் பிள்ளையைப் பெஞ்சுல ஏத்தினா மத்தவங்க பிள்ளைகளை அனுப்புவாங்களா? பள்ளிக்கூடம் நடக்கணுமா, வேண்டாமா?”

ஞானசிங் நாற்காலியின் கையில் ஓங்கி அறைந்தார்.

“போன வருசம் மகாராசா கோயில் நடையையே எல்லாச் சாதிக்கும் திறந்து விட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணுத நீரு, ஒரு பெஞ்சை அடைச்சு வச்சிருக்கீரு! சாரல்ல நனைஞ்சுக்கிட்டே அந்தப் பிள்ள சிலேட்டுல எழுதுது. எழுத எழுத அழியுது. மறுபடியும் எழுதுது. எனக்க கண்ணால பாத்தேன் ஓய்! எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல.”

“அதுக்கு?”

“திங்கக்கிழமையிலேருந்து நீரு வரண்டாம். பயிற்சி முடிச்சுட்டு வாரும், அப்பம் பாக்கலாம். அதுவரைக்கும் வேற ஆள் போட்டாச்சு.”

யேசுரத்தினம் துள்ளி எழுந்தார்.

“வேற ஆளா! எனக்க நாற்காலியில உக்காரத் துணிஞ்சவன் எவன்? மீசை முளைக்காத பயலாத்தான் இருப்பான்!”

“மீசை முளைக்கலதான்” என்றார் ஞானசிங். “ஆனா டிரெயினிங் பாஸ். முதல் வகுப்பு.”

“பாஸாம் பாஸ்! இந்த ஊரைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? செல்லக்கனியைத் தூக்கி முன் பெஞ்சுல வச்சிப் பாக்கச் சொல்லும். அவன் வீட்டு நடையை ஒருத்தன் மிதிக்க மாட்டான்! நல்லது கெட்டதுக்கு ஒரு நாதி வராது!”

“அதெல்லாம் நானும் சொன்னேன். ‘வராட்டிப் போகட்டும். பிள்ள இனி மழையில இருக்கப்படாது’ன்னு பதில் வந்திச்சு.”

“அவ்வளவு திமிரா? கூப்பிடும் அவனை! எனக்க முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்!”

ஞானசிங் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முற்றத்தில் இருந்தவள் படியேறி வந்து கணவரின் முன்னால் நின்றாள்.

“கலியாணத்தோட நீங்க நிறுத்தி வச்ச டீச்சர் வேலைதான், திங்கக்கிழமை போறேன்” என்றாள் நேசபாய். “செல்லக்கனி முன் பெஞ்சுலதான் இருப்பா.”