பின்னறையில் நாற்பது கேன்

குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாளாகிறது. கடையின் பின்னறையில் நாற்பது தண்ணீர் கேன்கள் கூரை வரை நீலமாய் நிற்க, நடுவே பொருளாதாரப் புத்தகமும் கையுமாகக் கடைக்காரரின் மகள் உட்கார்ந்திருக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குகிறது. “ஒரு கேனாவது குடுங்கண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல்” என்று ஒரு பெண் கெஞ்சுகிறாள். “சரக்கே இல்லம்மா. நாளைக்கு வாங்க, விலைதான் ரெண்டு மடங்கா இருக்கும்” என்கிறார் அப்பா. பிறகு திரைக்குள் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திச் சிரிக்கிறார். “நீதானே படிச்சுக் காட்டின, சரக்கு குறைஞ்சா விலை ஏறும்னு. அப்பனுக்கே வாத்தியாராயிட்ட.” அவள் புத்தகத்தை மூடி வைக்கிறாள். “ஒளிச்சு வைக்கணும்னு அதுல போடலப்பா” என்கிறாள். ஒரு கேனைச் சாய்த்து, அவர் காலருகே திரைக்கு வெளியே உருட்டிக்கொண்டு போகிறாள். “பழைய விலைதான்க்கா” என்கிறாள், அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல்.