பெட்டியைக் கேட்காத சம்பந்தம்

கல்யாண வீடியோ எடிட்டிங் கடை ஒன்றில், பெரிய திரை ஒன்று துணி போர்த்தி மூலையில் கிடந்தது. உள்ள நிறத்தை உள்ளபடி காட்டுகிற திரை. கணினிப் பெட்டியிலிருந்து அதற்குப் படம் கொண்டுவரத்தான் ஒரு கார்டு அமையவில்லை. இந்த மாதமும் அமையாவிட்டால் பழைய சாமான் கடையில் போட்டுவிடுவேன் என்று கடைக்காரர் இருதயராஜ் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு இரண்டு கார்டுகள் வந்தன. ஒன்று முழ நீளம், மூன்று விசிறி. மற்றது உள்ளங்கை அகலம். திரை, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி விசாரித்தது.

"எத்தனை நிறம் அனுப்புவே?"

"நூறு கோடி," என்றது பெரியது.

"நானும் அதேதான் அக்கா," என்றது சின்னது.

"உனக்கு ஒரு விசிறிகூட இல்லையே, அப்புறம் என்ன பேச்சு?" என்றது திரை.

இருதயராஜுக்கும் பெரியதுதான் பிடித்தது. பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தார். ஒரு சாண் இடத்தில் முழம் எப்படி உட்காரும்? பெருமூச்சு விட்டு, திரையை மறுபடி போர்த்தத் துணியைக் கையில் எடுத்தார்.

திரை பதறிப்போனது. "ஏன் பெட்டியண்ணே, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வர்றவளை எங்கே உட்கார வைப்பேன்னு என்னை யாரு கேட்டா தாயீ? அந்தச் சின்னதை வரச் சொல்லு."

சின்னது சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. திரையில் கல்யாணப் பெண் வந்தாள். மேசையில் இருந்த பழைய திரை இத்தனை நாளும் சிவப்பென்று காட்டிய சேலை, இதில் அரக்கு நிறமாக இருந்தது. இருதயராஜ் துணியை மடித்து அலமாரியில் வைத்தார்.

"ஏம்மா, உள்ளே காத்து வருதா?" என்று திரை மெல்லக் கேட்டது.

"தாராளமா வருது அக்கா. அதான் விசிறி கொண்டுவரலை."