சிவப்பு மூடி

இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்ட சத்தத்தில் இயக்குநரின் கையிலிருந்த சிவப்பு மூடி நழுவித் தரையில் உருண்டது. பாய்ந்து போய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

“இழுத்தா வராது சார்” என்றாள், அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்த உதவியாளர். ஏரி வண்டலை நாளெல்லாம் அலசுகிறவள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குச் ‘சேத்துப்பொண்ணு’ என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் இயக்குநர்தான்.

“சாவி யார்கிட்ட?”

“காவலாளிகிட்ட. டீ குடிக்கப் போயிருக்கார். போனா லேசுல வர மாட்டார்.”

அது குளிர் அறை. ஏரியின் அடியில் குத்தி எடுத்த வண்டல், வெள்ளைக் குழாய்களில் அடைபட்டு அலமாரி முழுக்கக் கிடந்தது. பதவிக்கு வந்த நாளிலிருந்து இயக்குநர் இதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. எது வேண்டுமென்றாலும் அவர் மேசைக்குப் போய்ச் சேரும். போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் செத்துக் கிடந்தது.

“நான் இங்க வந்தது ஒருத்தருக்கும் தெரியாதே” என்றார், பாதி தனக்குள்.

“தெரியக் கூடாதுன்னுதானே சார் வந்தீங்க.”

சுருக்கென்றது அவருக்கு. அறையின் நடுவே மேசை மேல் கிடந்த குழாயின் பக்கம் பார்வையைத் திருப்பாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

சிவப்பு மூடி இருக்கும் முனை மேல் வண்டல். கறுப்பு மூடி இருக்கும் முனை அடி வண்டல். பாட்டரி ஆலை வந்த பிறகு ஏரியில் இறங்கிய ஈயம் முழுக்க மேல் வண்டலில் இருந்தது. அடியில் பழங்காலத்துச் சுண்ணாம்புப் படிவு, அப்பழுக்கில்லாதது. மூடிகளை இடம் மாற்றிவிட்டால், ஏரியின் மேல்மண் சுத்தம், தாராளமாக அள்ளி வயலில் கொட்டலாம் என்று ஆகிவிடும். நடைபாதைக் கோடியில் இருக்கும் கூடத்தில், இன்னும் சற்று நேரத்தில், எல்லார் முன்னிலையிலும் குழாயை அறுத்துச் சோதிக்கப் போகிறார்கள்.

மூடியை மாற்றும்படி காலையில் அவளிடம்தான் சொன்னார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதனால்தான் தானே வந்தார். கறுப்பு மூடியை மாற்றி மாட்டியாயிற்று. சிவப்பைக் கையில் எடுத்த நேரத்தில்தான் கதவு சாத்திக்கொண்டது.

“மேலிடத்துல கழுத்தை நெரிக்கிறாங்கம்மா. என் நெலமை உனக்குப் புரியாது.”

“நல்லாப் புரியுது சார். ஆனா அந்த வண்டலை முதல்ல கொட்டப்போறது எங்கப்பா வயல்ல. சும்மா குடுக்கிறாங்க, உரமே போட வேணாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார்.”

“உங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்சவளே நீ ஒருத்திதான். இந்த வேலையும் போச்சுன்னா என்ன பண்ணுவே?”

“சேத்துப்பொண்ணுக்குச் சேறா சார் கிடைக்காது?”

அவர் கதவை உள்ளங்கை சிவக்கத் தட்டினார். “யாராவது இருக்கீங்களா?” என்று கத்தினார். அந்தத் தடித்த கதவு தட்டலையும் குரலையும் சேர்த்து விழுங்கிக்கொண்டது. மெல்லிய சட்டைக்குள் உடம்பு வெடவெடத்தது. விரல் நுனிகள் மரத்துப் போயின. அலமாரிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்கி வருவது போலிருந்தது.

“இப்படியே இருந்தா என்ன ஆகும்?”

“குழாய்க்கு ஒண்ணும் ஆகாது சார். கெடாம இருக்கத்தானே இந்தக் குளிரு.”

அவள் மட்டும் கம்பளிக் கோட்டுக்குள் சுகமாக நின்றிருந்தாள்.

“அந்தக் கோட்டைக் கொஞ்சம் குடும்மா.”

“தர்றேன். மூடிங்களை முன்ன இருந்த மாதிரி மாட்டி, முத்திரை நாடா ஒட்டி, அது மேல உங்க கையெழுத்தைப் போடுங்க.”

“நீயே போட்டுக்கயேன்.”

“என் கையெழுத்தை எவன் சார் மதிப்பான்? நீங்க போடாத குழாயைக் கூடத்து வாசல்லயே நிறுத்திடுவாங்க.”

மாட்டேன் என்று முக்காலியில் போய் உட்கார்ந்தார். முக்காலியும் பனிக்கட்டியாக இருந்தது. எழுந்தார். நடந்தார். நாலு எட்டுக்கு மேல் நடக்க அங்கே இடமில்லை.

கூட்டத்துக்குப் போகாவிட்டால் மேலிடம் சும்மா விடாது. போக வேண்டுமென்றால் முதலில் உயிர் உடம்பில் இருக்க வேண்டும். வெளியே போனதும் இந்த நாடாவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியதும், குனிந்து சிவப்பு மூடியைப் பொறுக்கினார்.

மூடிகள் அதனதன் இடத்துக்குத் திரும்பின. நாடா ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதைக் குனிந்து சரிபார்த்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதில் ஏரிச் சேற்றின் வாடை அடித்தது. மூக்கைச் சுளிக்காமல் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அவள் குழாயைத் தூக்கி இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். பிடியைப் பார்த்தால், பிடுங்க வருகிறவன் அவளையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அவன் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் விறைச்சுப் போயிடுவோம்” என்றார் இயக்குநர். “வெளியே போக ஏதாவது வழி பண்ணும்மா.”

“என் கை ரெண்டும் காலியா இல்ல சார், நீங்களே கதவுக்குத் தோளைக் குடுத்துத் தள்ளுங்க, திறந்துக்கும்.”