நகமுள்ள கடைசி உடும்பு

பிலோமினாவின் பண்ணையில் நகமுள்ள உடும்பு என்று மிஞ்சியிருந்தது ராசு மட்டும்தான். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சோபாவைக் கீறாத, நகமே முளைக்காத உடும்புகளைத்தான் வாங்கினார்கள். அந்த இனத்தில் பழைய ரத்தம் கலக்கக் கூடாதென்று பண்ணைகளுக்கு உத்தரவு வந்திருந்தது. ராசுவை ஊசி போட்டுக் கொல்ல ஆய்வாளர் கதிரொளி வந்து நின்றார்.

அது கொட்டகையின் விட்டத்தை நகங்களால் பற்றிக்கொண்டு இறங்க மறுத்தது.

"நீங்க கூப்பிட்டா வரும்லம்மா. வரலேன்னா உங்க லைசென்ஸ நான் எடுத்துட்டுப் போக வேண்டியிருக்கும்."

பிலோமினா கையை நீட்டினாள். "வாடா ராசு, ஒண்ணுமில்ல."

முட்டையை விட்டு வெளியே வந்தது முதல் அது நம்பி ஏறிய கை அது. மெல்ல இறங்கி வந்து அவள் முன்கையைப் பற்றிக்கொண்டது. கதிரொளி வாலடியில் ஊசியை ஏற்றினார்.

உயிர் போகப் போகப் பிடி இறுகியது. நகங்கள் சதைக்குள் இறங்கின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உடல் துவண்டு தொங்கிய பிறகும் அதன் விரல்கள் விடவில்லை. கதிரொளி பையிலிருந்து கட்டரை எடுத்து விரல் விரலாக நறுக்கத் தொடங்கினார்.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் இந்தச் சாதியே வேணாங்கிறாங்க."

கடைசி விரலைப் பிலோமினா மறுகையால் மூடிக்கொண்டாள். "இது மட்டும் கெடக்கட்டும் சார். தானா விடும்போது விடட்டும்."

"ஒரு நகங்கூட மிச்சம் இருக்கக் கூடாதும்மா," என்று தன்மையாகவே சொன்ன கதிரொளி, அவள் கையை விலக்கிவிட்டு அதையும் நறுக்கினார்.