பெட்டி யாருக்கு?

"பெட்டி யாருக்குங்க அம்மா?"

செல்போன் திரையில் கேள்வி வந்து நின்றது. கடைக்கு வரும் போனையெல்லாம் எடுத்துப் பேசுகிறவள் அவள்.

சும்மா சோதனைதான். நாளையிலிருந்து இந்தப் புது ஏ.ஐ.தான் ஊருக்கெல்லாம் பதில் சொல்லப்போகிறது. அதற்கு முன்னால் வாடிக்கையாளர் மாதிரி ஒரு தடவை பேசிப் பார்க்கச் சொல்லிவிட்டு, முதலாளி பொங்கியண்ணன் பின்பக்கம் சாமியானாத் துணியை உதறி மடிக்கப் போய்விட்டார்.

வீட்டில் யாரோ இறந்துவிட்ட மாதிரி பேச வேண்டும்.

மாதிரியாம்! சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

நாமக்கல்லை ஒட்டிய அந்த ஊரில் கல்யாணத்துக்குச் சாமியானா, சாவுக்கு ஐஸ் பெட்டி, இரண்டுமே இந்த ஒரே கடையில்தான் வாடகைக்குக் கிடைக்கும். இதுவரை செல்போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்த பழைய சாட்பாட்டுக்கு இரண்டுக்கும் ஒரே வாய். ஒன்றை அழுத்தினால் பந்தல், இரண்டை அழுத்தினால் பெட்டி. எதை அழுத்தினாலும் கடைசியில் "நன்றி! மீண்டும் வருக!" என்று பல்லை இளிக்கும். தம்பியைப் பறிகொடுத்த ஒருவர் கடைக்கே வந்து, "மறுபடி எங்க வூட்டுல யாருடா போகோணும்?" என்று மேசையில் ஓங்கி அடித்துவிட்டுப் போனார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு?

அதனால் புதியதற்கு அவளே உட்கார்ந்து பக்குவம் சொல்லிக்கொடுத்தாள். எழவு வீட்டாரிடம் வணக்கம் சொல்லாதே. நன்றி சொல்லாதே. முடிக்கும்போது 'போயிட்டு வாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதே. எழவு வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வாசலோடு பேசாமல் இறங்கிவிட வேண்டியதுதான். மற்ற எல்லோரையும் வாய் நிறைய 'போயிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பு.

கற்பூர புத்தி. சொன்னதும் பிடித்துக்கொண்டது.

இப்போது அவளிடமே கேட்கிறது, யாருக்கு என்று.

அண்ணன் பெயரைப் போடலாமா? சீ, வாயைக் கழுவு. அப்பா போய்ச் சேர்ந்தவர்தான். அதற்காக அந்த மனுசனை இரண்டாம் தடவை கிடத்துவதா? இல்லாத பெயராக ஒன்றைக் கட்டிவிடலாம் என்றால், எந்தப் பெயரை நினைத்தாலும் அந்தப் பெயரில் ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார்.

செங்கோடன்.

அடித்து அனுப்பிய பிறகுதான் என்ன அடித்தோம் என்று பார்த்தாள்.

"அவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

வீட்டுக்காரர்.

நாக்பூருக்கு முட்டை லோடு ஏற்றிக்கொண்டு போனவர். முட்டை போய்ச் சேர்ந்தது. லாரியும் திரும்பி வந்தது, வேறொரு டிரைவரோடு. அவர் வரவில்லை. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள் இப்போது சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறாள்.

போலீசுக்குப் போயாயிற்று. குறி கேட்டாயிற்று. போன வாரம் கொழுந்தனார் வந்து உட்கார்ந்தார். வருகிற அமாவாசையோடு அண்ணனுக்குக் காரியம் பண்ணி முடித்துவிடலாம், தாலியைக் கழற்றிவிடலாம், நீங்கள் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும் அண்ணி, என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வாயில் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை.

"அவரு இப்போ எங்கே இருக்காருங்க?"

ஆஸ்பத்திரியா வீடா என்று தெரிந்தால்தானே வண்டி அனுப்ப முடியும்? சாதாரணக் கேள்வி. அவளே எத்தனையோ பேரிடம் போனில் கேட்டிருக்கிறாள்.

தெரியாது.

"எப்போ நடந்ததுங்க?"

தெரியாது.

பழையதாக இருந்தால் இந்நேரம் பெட்டியை வண்டியில் ஏற்றி, மீண்டும் வருக என்றும் சொல்லியிருக்கும். இதில் மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றின.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. அவரு இறந்துட்டாருன்னு நீங்க இன்னும் சொல்லலீங்க. பெட்டி வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

அவள் திரையைக் கீழே இழுத்து, முன்னால் அடித்ததையெல்லாம் பார்த்தாள்.

ஐஸ் பெட்டி வேண்டும். செங்கோடன். வீட்டுக்காரர். தெரியாது. தெரியாது.

ஆமாம். சொல்லவே இல்லை.

கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அது துக்கமாக இல்லை, ஆறுதலாகத்தான் இருந்தது. இத்தனை வருசத்தில் எல்லோரும் அவளுக்கு எடுத்துச் சொல்லத்தான் வந்தார்கள். வேணுமா, வேண்டாமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

வேண்டாம், என்று அடித்தாள்.

"சரிங்க அம்மா. போயிட்டு வாங்க."

பொங்கியண்ணன் தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். குனிந்து பார்த்தவர் கண்ணில் கடைசி வரிதான் பட்டது. தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கெரகமே! எழவு வூட்டுக்காரங்களப் போயி, போயிட்டு வாங்கங்குது பாரு. படிச்சுப் படிச்சுச் சொல்லிக்குடுத்தியேம்மா. மொதல்ல இதத் திருத்தச் சொல்லு."

அவள் வெளியே கிடந்த தாலிக்கயிற்றை எடுத்து உள்ளே விட்டுக்கொண்டாள்.

"திருத்த வேண்டாங்கண்ணா. அது சரியாத்தான் சொல்லுது" என்றாள். "இது எழவு வூடு இல்லீங்க."